பையன் எடை கூடிப்போச்சு, பழி யார் மேல?

லாஸ்பேட்டை அம்மா (புதுச்சேரி)
ஞாயிறு, இரவு 9:40

என் பெரிய பையனுக்கு பதினோரு வயசு. போன வாரம் ஸ்கூல்ல ஹெல்த் செக்கப் நடந்தது. கார்டுல உயரம் 142 செ.மீ., எடை 51 கிலோன்னு எழுதி, கீழே சிவப்புப் பேனாவுல "எடை அதிகம், பெற்றோர் கவனிக்கவும்"னு போட்டு அனுப்பியிருக்காங்க. அதை முதல்ல படிச்சது என் மாமியார். கார்டை என் கையில குடுக்கும்போதே, "பெத்தவ வீட்ல இருந்து ஒழுங்கா ஆக்கிப் போட்டிருந்தா இது வந்திருக்குமா?"ன்னு கேட்டுட்டாங்க. என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார், எதுவும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

எங்க வீட்ல ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு மறைக்காம சொல்றேன். எனக்கு சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலை. காலைல ஏழு மணிக்கு கம்பெனி பஸ், திரும்பி வர ஏழரை ஆகும். காலைல கடை மாவுல இட்லி இல்லேன்னா தோசை. டிபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், கூட உருளைக்கிழங்கு வறுவல். பொரியல் வெச்சா அப்படியே திரும்பி வருது. நாலு மணிக்குப் பையன் வந்ததும் தாத்தா இருபது ரூபா குடுப்பார். அவன் சிப்ஸ், பஃப்ஸ், கலர் பாட்டில்னு வாங்கிச் சாப்பிட்டுட்டு டியூஷன் போயிடுவான். வாரத்துல ரெண்டு நாளாவது ராத்திரி பரோட்டா. அந்த ரெண்டு நாளும் எனக்கு நிக்கக்கூட முடியாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது கல்யாண வீட்ல எல்லாரும் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்க"ன்னு சொல்வாங்க. எனக்குப் பெருமையா இருக்கும். இப்ப அதே சொந்தக்காரங்கதான் "குண்டு"ன்னு கூப்பிடறாங்க. பையன் போட்டோவுக்கு நிக்க மாட்டேங்கறான்.

இதுல தப்பு என்னோடதுதானா? மனசுல பட்டதை நேரா சொல்லுங்க.

---

பீச் ரோடு நடையன் (புதுச்சேரி)
ஞாயிறு, இரவு 10:15

சகோதரி, நேரா கேட்டீங்க, நானும் நேரா சொல்றேன். சாப்பாட்டு விஷயத்துல பொறுப்பு சாப்பிடறவனோடது. குழந்தைன்னா பெத்தவங்களோடது. கம்பெனியோ கவர்மென்டோ யார் வாயையும் பிடிச்சு ஊட்டல.

2019-ல எனக்கு 96 கிலோ. ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம்னு வெச்சா டீயிலேயே 50 கிராம் உள்ள போயிட்டிருந்தது. ஐதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சேர்த்துக்கற சர்க்கரை மொத்தமே நாளைக்கு 20 முதல் 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. முதல்ல அதை நிறுத்தினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கடற்கரைச் சாலையில வண்டி விட மாட்டாங்க. டூப்ளே சிலைலேர்ந்து பழைய சாராய ஆலை வரைக்கும் போறதும் வர்றதுமா மூணு சுத்து நடப்பேன். இப்ப 79 கிலோ. யாருக்கும் ஒரு ரூபா குடுக்கல. மனசு வெச்சா முடியும். உங்க பையனைக் கூட்டிட்டு வாங்க, நானே கூட நடக்கறேன்.

---

வில்லியனூர்க்காரி
ஞாயிறு, இரவு 10:32

அக்கா, முதல்ல நீங்க கண்ணைத் துடைங்க. ஒரு விஷயம் மட்டும் கேக்கறேன். உங்க பதிவுல மாமியார் வர்றாங்க, தாத்தா வர்றாரு, நீங்க வர்றீங்க. அந்தக் குழந்தையோட அப்பா எங்க? அவர் ஏன் ஒரு நாள் மாவு அரைக்கல, காய் நறுக்கல? பெத்தவங்க பொறுப்புன்னு நடையன் அண்ணன் எழுதியிருக்கார். எங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு அம்மான்னு மட்டும்தான் அர்த்தம்.

---

கெடிலக்கரை (கடலூர்)
திங்கள், காலை 6:05

நான் கடலூர் பக்கம் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வீடு வீடா போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை குடுக்கற வேலையில இருக்கேன். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்ல திட்டம் தொடங்கினதுலேர்ந்து எத்தனையோ சமையல் கட்டுக்குள்ள உக்காந்து பேசியிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அக்கா, இது உங்க ஒரு வீட்டுக் கதை இல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்ல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல எடை அதிகமா இருக்கறவங்க 40.4 சதவீதம். அதுக்கு முன்னாடி 2015–16-ல 30.9. அஞ்சே வருஷத்துல பத்துல ஒருத்தி கூடியிருக்கா. உங்க புதுச்சேரியில 46 சதவீதம். இந்தியா முழுக்க 24தான். நம்ம ரெண்டு பக்கமும் இருக்கற அத்தனை லட்சம் பொம்பளைங்களும் ஒரே அஞ்சு வருஷத்துல திடீர்னு சோம்பேறி ஆயிட்டாங்கன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

அதே கணக்கெடுப்புல இன்னொரு எண் இருக்கு, அதை யாரும் சேர்த்துப் பார்க்கறதில்ல. தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பல பேருக்கு ஒரே உடம்புல எடையும் கூடியிருக்கு, ரத்தமும் இல்ல. நான் போற வீடுகள்ல இதைக் கண்ணால பார்க்கறேன். எழுபத்தெட்டு கிலோ இருக்கற ஒரு அம்மா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நகம் வெளுத்துக் கிடக்கு. வயிறு ரொம்பற அளவுக்குச் சோறு இருக்கு. கீரை, பருப்பு, முட்டை, மீன் இருக்கவேண்டிய இடத்துலயும் சோறும் எண்ணெயும்தான் இருக்கு. குழந்தைங்க சாப்பிட்ட பிறகு சட்டியில மிச்சம் என்ன இருக்கோ அதுதான் அவங்க சாப்பாடு. குழம்புல மிதக்கற எண்ணெய் இருக்கும், மீன் துண்டு இருக்காது.

ஏன் இப்படின்னா விலையைப் பாருங்க. எங்க ரேஷன்ல அரிசி இலவசம். பாமாயில் லிட்டர் 25 ரூபா. துவரம்பருப்பு கிலோ 30, ஆனா கார்டுக்கு ஒரு கிலோதான், அஞ்சு பேர் இருக்கற வீட்ல பத்து நாள் வராது. பாமாயில்ல கெட்டிக் கொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு) நாற்பது சதவீதத்துக்கு மேல. கடலை எண்ணெயில இருபதுக்குள்ள. ரேஷன்ல கடலை எண்ணெய் போடுங்கன்னு விவசாயிங்க எத்தனையோ வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. விருத்தாசலத்துல வேர்க்கடலை ரகம் உருவாக்கற ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வி.ஆர்.ஐ.ன்னு பேர் வர்ற ரகமெல்லாம் அங்க வந்ததுதான். கடலை விளையற மாவட்டத்துல உக்காந்துகிட்டு, கப்பல்ல வர்ற எண்ணெயில தாளிக்கிறோம். நான் பாமாயிலைத் திட்டலீங்க, அது இல்லேன்னா பல வீட்ல தாளிப்பே இல்ல. ஆனா ஏழை வீட்டு அடுப்புல எந்த எண்ணெய் காயணும்னு முடிவு பண்றது அந்த வீட்டு அம்மா இல்ல.

பையனுக்கு ஒரு சொல். தயவுசெஞ்சு டயட் வெக்காதீங்க, பட்டினி போடாதீங்க. வளர்ற பிள்ளை. எடை இப்ப இருக்கற இடத்துல நின்னாலே உயரம் கூடக் கூட சரியாயிடும். "குண்டு"ங்கற வார்த்தை வீட்ல வரக் கூடாது, அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க.

---

உப்பளம் 13
திங்கள், காலை 8:20

சனிக்கிழமை ராத்திரி எங்க தெருவுல பாதி வீட்ல அப்பா சரக்கு பாட்டிலோட வருவார். கூடவே சில்லி சிக்கன், மிக்சர், சிப்ஸ் பொட்டலம். பிள்ளை பக்கத்துல உக்காந்து பொட்டலத்துல கை விடும். அதுல அப்பாவுக்குப் பாசம், பிள்ளைக்குச் சந்தோஷம். புதுச்சேரியில எடையைப் பத்திப் பேசறவங்க இந்த ஒண்ணைத் தொடாம போனா அது முழுப் பேச்சு இல்ல.

---

கேட் எதிர்க் கடை (முதலியார்பேட்டை)
திங்கள், மதியம் 2:10

அம்மா எழுதினதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நான் பொட்டிக்கடை வெச்சிருக்கேன். ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல, ரோட்டைத் தாண்டினா கடை. உங்க பையன் மாதிரி பசங்கதான் எனக்கு வியாபாரம்.

நாலு மணிக்கு மணி அடிச்சா கால் மணி நேரத்துல கடை முன்னாடி அம்பது பசங்க நிப்பாங்க. எல்லாம் மத்தியானம் பாதி சாப்பாட்டைக் கீழ கொட்டின பசங்க. அகோரப் பசி. கையில அஞ்சு ரூபா, பத்து ரூபா. அந்தக் காசுக்கு அந்த நிமிஷம் நான் என்ன குடுக்க முடியும்னு சொல்லுங்க. சரம் சரமா தொங்கற பாக்கெட்தான்.

ஏன் அதையே தொங்கவிடறன்னு கேப்பீங்க. சரக்கு போடற கம்பெனி லைன் வண்டி வாரத்துக்கு ரெண்டு தடவை கடை வாசலுக்கே வருது. தேதி முடிஞ்ச பாக்கெட்டை, காத்து இறங்கினதை, எலி கடிச்சதைக் கூட எடுத்துக்கிட்டு புதுசு குடுத்துடுவாங்க. எனக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. போன வருஷம் ஒரு டாக்டரம்மா கடைக்கு வந்து, "கொய்யாப்பழம் வெச்சு விக்கலாமே"ன்னு சொன்னாங்க. நல்ல மனசோட சொன்னாங்க, வெச்சேன். பெரிய மார்க்கெட்ல ஒரு கூடை எடுத்தேன். முதல் நாள் பாதி போச்சு. ரெண்டாம் நாள் மேல் பழமெல்லாம் கன்னிப்போச்சு. மூணாம் நாள் மாட்டுக்குப் போட்டேன். அந்த நஷ்டத்தை எந்த வண்டி வந்து எடுத்துக்கும்?

ஃப்ரிட்ஜும் அப்படித்தான். கூல்டிரிங்ஸ் கம்பெனி சும்மா குடுத்தது. அவங்க பாட்டில் தவிர வேற எதையும் முன் வரிசையில வெக்கக் கூடாது. ஒரு வெயில் காலத்துல மோர் பாக்கெட் வெச்சேன், சூப்பர்வைசர் வந்து போட்டோ எடுத்துட்டு, "இப்படி வெச்சா ஃப்ரிட்ஜைத் திருப்பி எடுத்துடுவோம்"னு சொல்லிட்டுப் போனார். கரன்ட் பில்லு மட்டும் என்னுது.

என் சொந்தப் பொண்ணுக்கு நான் அந்தப் பாக்கெட்டைக் குடுக்கறதில்ல. இதை எழுதும்போது எனக்கே வெக்கமா இருக்கு. ஆனா நான் நாளைக்கு நிறுத்தினா பசங்க பத்தடி தள்ளிப் பக்கத்துக் கடைக்குப் போவாங்க. கடை வாடகை கட்ட நான் எங்க போறது?

---

எண்ணும் எடையும் (புதுச்சேரி)
திங்கள், மாலை 4:45

கடைக்கார அண்ணனுக்கு ஒரு தகவல். பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. உங்கள் கடை அந்த எல்லைக்குள்தான் வருகிறது. உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த விதியை உங்களிடம் யாராவது வந்து சொன்னார்களா?

கெடிலக்கரை சகோதரி கொடுத்த எண்கள் சரி. அதோடு ஒன்று. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வில் புதுச்சேரியில் உடல் பருமன் 53.3 சதவீதம், நாட்டிலேயே அதிகம். வயிற்றுப் பருமன் 61.2. நீரிழிவு 26.3, கோவாவுக்கு அடுத்த இடம். அது இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருவரையும் அளந்தது. இவர் சொன்ன 46 பெண்களை மட்டும் அளந்தது. அதனால்தான் எண் வேறு, ஒன்று பொய் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நடையன் சார் சொன்ன மன உறுதி பற்றி. 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து ஒரு சோதனை செய்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் வகை உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் வைக்கலாம். பாக்கெட் வகை கொடுத்த நாட்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. அதே ஆட்கள், அதே மனது. மாறியது தட்டில் இருந்ததுதான். வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால் நாலு மணிப் பசியில் நிற்கும் பதினோரு வயதுப் பையனிடம் மன உறுதியை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

விலை விஷயமும் இதில் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. கலர் பாட்டிலுக்கு மட்டும் 40. கேரளத்தில் 2016-ல் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீதம் வரி போட்டார்கள். அடுத்த வருடம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போய்விட்டது. பாக்கெட் முன்பக்கத்தில் எச்சரிக்கை அடையாளம் போடுவது சிலி நாட்டில் 2016 முதல் சட்டம், கறுப்பு எண்கோணத்தில் "சர்க்கரை அதிகம்" என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி இருக்கும். நம் ஊர் பாக்கெட்டில் பின்பக்கம், பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம்.

---

லாஸ்பேட்டை அம்மா
திங்கள், இரவு 8:50

இப்பதான் வீட்டுக்கு வந்தேன். எல்லாத்தையும் படிச்சேன். கடைக்கார அண்ணே, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நீங்க உண்மையைச் சொன்னீங்க. "நாலு மணிக்கு மணி அடிச்சா"ங்கற வரியைப் படிக்கும்போது, அந்த நேரத்துல நான் எங்க இருக்கேன்னு நினைச்சுப் பார்த்தேன். லைன்ல நின்னு பீஸ் செக் பண்ணிட்டு இருப்பேன். கைபேசியைக்கூட லாக்கர்ல வெச்சுட்டுதான் உள்ள போகணும்.

---

சவானா வீதி தாத்தா (அரியாங்குப்பம்)
செவ்வாய், காலை 5:30

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 74. ரோடியர் மில்லில் தறிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என்றார்கள், எங்களுக்கு அது ரோடியர் மில்தான். பேரன் கைபேசியில் இதைத் தட்டித் தருகிறான். தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோறுதான் கெடுதல் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். விடியற்காலையில் பழையது, சின்ன வெங்காயம், ஒரு துண்டு சுட்ட கருவாடு. சைக்கிளில் அரியாங்குப்பம் பாலம் தாண்டி, சங்கு ஊதுவதற்குள் மில் வாசலில் நிற்க வேண்டும். மத்தியானம் தூக்குச்சட்டி நிறையச் சோறு. நான் ஒரு வேளைக்குத் தின்ற சோற்றை என் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்துதான் தின்பார்கள். தறியில் எட்டு மணி நேரம் நின்று, குனிந்து, ஓடி வேலை செய்த எவனுக்கும் தொந்தி இருந்ததில்லை. நாற்காலி வேலைக்காரர் சிலருக்கு இருந்தது. சோறு அப்படியேதான் இருக்கிறது, அந்தச் சோற்றைச் செரித்த வேலை போய்விட்டது. மில்லும் போய்விட்டது, 2020-ல் மொத்தமாக மூடிவிட்டார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. லாஸ்பேட்டை மகள் காலை ஏழுக்குப் போய் இரவு ஏழரைக்கு வருவதாக எழுதியிருக்கிறாள். பன்னிரண்டரை மணி நேரம். இதைப் பேரன் படித்துக் காட்டியதும் எனக்கு 1936 நினைவுக்கு வந்தது. நான் அப்போது பிறக்கவில்லை, என் அப்பா சவானா மில்லில் சிறு பையனாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வருடம் ஜூலை 30 அன்று மில் தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னால் நின்று நடத்திய போராட்டம். அடுத்த வருடம் பிரெஞ்சு அரசு எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் போட்டது. எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நம் வீடு என்று அப்பா விரலை மடக்கிச் சொல்வார். அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் என் அம்மா அம்மியில் அரைத்தாள், அப்பா தேங்காய்த்திட்டுப் பக்கம் போய் மீன் வாங்கி வந்தார், நாங்கள் தெருவில் இருட்டும்வரை விளையாடினோம்.

இந்த மகளின் மூன்றாவது எட்டு மணியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். பஸ் எடுத்துக்கொண்டது, ஓவர்டைம் எடுத்துக்கொண்டது. அவள் சமைக்கவில்லை என்று சொல்கிற மாமியாருக்கு நான் வணக்கத்தோடு சொல்வேன், அம்மா, அவளிடம் அரிசி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, நேரம்தான் இல்லை. பையனுடைய நேரத்தை டியூஷன் எடுத்துக்கொண்டது. நேரம் இல்லாத வீட்டில்தான் பாக்கெட் நுழையும்.

---

பீச் ரோடு நடையன்
செவ்வாய், காலை 9:10

ஐயா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு அரசு அலுவலக வேலை. ஆறு மணிக்குள்ள வீடு, ஆறரைக்கு கடற்கரை. என் நடைக்கு அந்த நேரம் எங்கேர்ந்து வந்ததுன்னு நான் யோசிச்சதே இல்ல. ராத்திரி சாப்பாட்டையும் என் மனைவிதான் செய்யறா, அவ நடக்க வந்ததில்ல. அதையும் இன்னிக்குத்தான் நினைச்சேன்.

ஆனாலும் ஒண்ணு சொல்லுவேன், விட்டுக் குடுக்க மாட்டேன். வீட்டுக்குள்ள கலர் பாட்டில் வராம இருக்க நேரம் வேணாம். வாங்காம இருந்தா போதும். 300 மில்லி பாட்டில்ல 30 கிராமுக்கு மேல சர்க்கரை. தாத்தா இருபது ரூபா குடுக்கறதை நிறுத்தவும் நேரம் வேணாம். எல்லாத்தையும் அரசாங்கம், கம்பெனின்னு தள்ளிட்டா நம்ம கையில இருக்கற சின்ன விஷயமும் நடக்காது.

---

வில்லியனூர்க்காரி
செவ்வாய், காலை 9:25

இது நியாயம் அண்ணே. ஆனா தாத்தா அந்த இருபது ரூபாவை எதுக்குக் குடுக்கறார்? பிள்ளை பசியோட வருது, வீட்ல குடுக்க ஒண்ணும் இல்ல, அவருக்கு அடுப்பு பக்கம் போய்ப் பழக்கமும் இல்ல. காசை நிறுத்தினா மட்டும் போதாது, அந்த நேரத்துக்கு வாயில போட ஏதாவது இருக்கணும்.

---

விசில் சார் (கடலூர், மஞ்சக்குப்பம்)
செவ்வாய், இரவு 7:40

நான் பி.டி. ஆசிரியர். எந்தப் பள்ளின்னு சொல்ல வேணாம். டைம்டேபிள்ல ஒரு வகுப்புக்கு வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடு. அரையாண்டு வந்தா கணக்கு டீச்சர் ஒண்ணு கேப்பாங்க, சயின்ஸ் டீச்சர் ஒண்ணு கேப்பாங்க. பத்தாம் வகுப்புக்கு ஜூன்லயே போயிடும். கேட்டா, "பேரன்ட்ஸ் மார்க் கேக்கறாங்க சார்"னு பதில். பேரன்ட்ஸ் மீட்டிங்ல இருபது வருஷமா உக்காந்திருக்கேன். "என் பிள்ளையை ஏன் விளையாட விடல?"ன்னு இதுவரைக்கும் ஒரு அப்பா, ஒரு அம்மா எழுந்து கேட்டதில்ல. ஒரே ஒருத்தர் கேட்டா போதும், அதைப் பிடிச்சிக்கிட்டு நான் உள்ள சண்டை போடுவேன். விளையாட்டு மைதானத்துல பாதியை ஸ்கூல் பஸ் நிறுத்த எடுத்துட்டாங்க, அதையும் யாரும் கேக்கல.

இன்னொண்ணு. எடை கூடின பிள்ளைங்களை ஓட்டப் பந்தயத்துல கடைசியா ஓடவிட்டு மத்த பசங்க சிரிக்கற மாதிரி செய்யறது என் தொழில்லயும் நடக்குது. நானும் ஆரம்பத்துல செஞ்சிருக்கேன். அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் மைதானத்துக்கே வராது, வயித்து வலின்னு சொல்லி வகுப்புல உக்காந்துக்கும். இப்ப அவங்களைக் கபடியில நடுப்பக்கம் நிறுத்தறேன். பிடிச்சா விட மாட்டாங்க.

---

எண்ணும் எடையும்
செவ்வாய், இரவு 9:00

விசில் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அந்த வாரியம் 2025 மே மாதம் எல்லாப் பள்ளிகளிலும் "சர்க்கரைப் பலகை" வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். லாஸ்பேட்டை சகோதரி, மகன் சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அந்தப் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

---

லாஸ்பேட்டை அம்மா
ஞாயிறு, மதியம் 3:20

ஒரு வாரமா எழுத முடியல. நடந்ததைச் சொல்றேன்.

புதன்கிழமை ராத்திரி சவானா வீதி தாத்தாவோட பதிவை என் மாமனார், மாமியார், வீட்டுக்காரர் மூணு பேருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். மாமனார் பாரதி மில்லுல இருந்தவர். மில் சங்கு பத்திப் படிச்சதும் கண்ணைத் துடைச்சிக்கிட்டார். மாமியார் எதுவும் பேசல. ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் பையன் வந்ததும் அவங்களே கேழ்வரகு அடை சுட்டுக் குடுத்திருக்காங்க, முருங்கைக்கீரை போட்டு. "எனக்கும் கால் வலி, தினமும் முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. அதுவும் உண்மைதான், அவங்களுக்கு மூட்டு தேய்மானம். என்னைக் கேள்வி கேட்டவங்களும் எழுபது வயசுல அடுப்பு முன்னாடி நிக்க வேண்டியிருக்குன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது.

வீட்டுக்காரர் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் ராத்திரிச் சமையல் தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டார். வெள்ளிக்கிழமை முட்டைக் குழம்பு வெச்சார். உப்பு கொஞ்சம் தூக்கல். பையன் ரெண்டாவது தடவை சோறு கேட்டான். போடலாமா வேணாமான்னு எனக்குக் கை நின்னுபோச்சு. கெடிலக்கரை அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, போட்டேன், கூட ஒரு முட்டையும் வெச்சேன்.

சனிக்கிழமை ஸ்கூல்ல மீட்டிங். எழுந்து நின்னு ரெண்டு கேள்வி கேட்டேன். பி.டி. பீரியடை ஏன் எடுக்கறீங்க? சர்க்கரைப் பலகை எங்க? கை நடுங்கிச்சு. பலகை வெக்கறோம்னு சொன்னாங்க. பி.டி. பீரியடுக்கு "பார்க்கலாம்"னு சொன்னாங்க. வெளிய வரும்போது நாலு அம்மாங்க என்கிட்ட வந்து நம்பர் வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த மாசம் அஞ்சு பேரா கேப்போம்.

கம்பெனியில ஓவர்டைம் பத்தி இன்னும் கேக்கல. அதைக் கேக்க எனக்கு இன்னும் தைரியம் வரல. அந்த ரெண்டு மணி நேரக் காசுதான் டியூஷன் ஃபீஸ்.

---

கெடிலக்கரை
ஞாயிறு, மாலை 5:00

டியூஷனை விட்டா ஓவர்டைம் வேணாம், ஓவர்டைம் விட்டா நீங்களே அவனுக்குப் பாடம் சொல்லலாம். சும்மா கணக்குப் போட்டுப் பாருங்க அக்கா, வற்புறுத்தல.

---

கேட் எதிர்க் கடை
ஞாயிறு, இரவு 9:15

அந்த 50 மீட்டர் விதியைப் பத்திக் கேட்டீங்களே, இதுவரைக்கும் என் கடைக்கு யாரும் வந்து சொன்னதில்ல. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனப்பவும் சொல்லல.

வியாழக்கிழமை ஒரு காரியம் செஞ்சேன். பச்சைக் கடலை ரெண்டு படி வாங்கி, உப்பு, மஞ்சத்தூள் போட்டு அவிச்சு, பேப்பர் பொட்டலம் அஞ்சு ரூபான்னு இருபத்தெட்டு கட்டி, பாக்கெட் சரத்துக்கு முன்னாடி தட்டுல வெச்சேன். சூடா இருந்ததால வாசனை நல்லா எழும்பிச்சு. பத்தொன்பது பொட்டலம் போச்சு. வெள்ளிக்கிழமை மூணு படி அவிச்சேன். மூணரைக்கு மழை பிடிச்சிக்கிச்சு. பசங்க நிக்காம ஓடிட்டாங்க, எட்டு பொட்டலம்தான் போச்சு. மிச்சத்தை ராத்திரி வெச்சா நூல் விட்டுடும், தெருவுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு நாளும் சேர்த்துப் பார்த்தா கடலைக்குப் போட்ட காசுல நாப்பது ரூபா கையை விட்டுப் போச்சு. கேஸ் கணக்கு தனி.

திங்கக்கிழமை திரும்ப அவிக்கப் போறேன், ரெண்டு படி மட்டும். கெடிலக்கரை அம்மா, விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டியில மூட்டையா எடுத்தா விலை எப்படி விழும், அங்கேர்ந்து புதுச்சேரிக்கு லோடு யாராவது கொண்டு வர்றாங்களான்னு விசாரிச்சுச் சொல்லுங்க. இங்க சில்லறையில வாங்கினா எனக்குக் கட்டல.